கேட்காமலே வரும் பைன்ட்

பிரிட்லிங்டன்
ஏப்ரல் 9, 1967, ஞாயிறு

நார்மன்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டாகிவிட்டது. "யாருக்கு இப்படி முக்கி முக்கி எழுதறே, மகாராணிக்கா?" என்று தங்கை வின்னி கேட்கிறாள். பப் நடத்துகிறவனுக்கு என்று சொன்னால் பேனாவைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவாள். வேலை பார்த்த ஆலைக்கு எழுதுகிறேன் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். பிப்ரவரி பதினொன்றுக்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. உன் கடையை விட்டுக் கிளம்பியவன் பாலம் தாண்டிப் பள்ளத்தில் பனியோடு பனியாகக் கிடந்து, விடிந்ததும் பால்காரன் கண்ணில் பட்டேனே, அதற்குப் பிறகு. எட்டு வாரம் ஆகிறது. ஈரல் பாதி போய்விட்டதாம், மீதியையாவது வைத்துக்கொள் என்கிறார் டாக்டர். இங்கே கடலைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்காருகிறேன். கடலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பத்தாம் தேதி என் பெண் பிரெண்டாவின் கல்யாணம். விருந்து உன் கடை மாடியில்தான். நவம்பரிலேயே பேசி, மாப்பிள்ளை கோலின் வீட்டாருக்கெல்லாம் அட்டை போய்விட்டது. சர்ச் மண்டபத்தில் கூரை ஒழுகுகிறது, வேறு இடமும் ஊரில் கிடையாது. பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் விடுவதற்கு எனக்குப் பயமில்லை. உன் கதவிலிருந்து கவுன்டர் வரைக்கும் பதினைந்து அடி இருக்கிறது பார், அதுதான் பயம்.

உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் யோசித்துப் பார். பாலத்தின் மேல் என் தொப்பி தெரிந்ததும் நீ பீர் பம்ப்பைப் பிடித்துவிடுவாய். நான் கதவைத் திறக்கும்போது நுரை அடங்கி, குவளை கவுன்டரில் உட்கார்ந்திருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் உன்னிடம் ஒரு பைன்ட் பீர் வேண்டும் என்று நான் வாயைத் திறந்து கேட்டதே கிடையாது. கேட்காததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கிளிஃப்

•

மூன்று லாடம் பப், தார்ன்பிரிட்ஜ்
ஏப்ரல் 14

கிளிஃபுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு மாதம் கழித்தாவது ஞாபகம் வந்ததே, சந்தோஷம். ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் உன் தங்கை வாசலிலேயே நின்று, என்னைச் சாவு வீட்டுக்கு வந்த கடன்காரனைப் போலப் பார்த்துத் திருப்பி அனுப்பினாள். உனக்குச் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள்.

உன் மகள் செய்ததாவது தெரியுமா? நீ விழுந்த மறுநாள் சாயங்காலம், டார்ட்ஸ் ஆட்டம் நடக்கிறது, நாற்பது பேர் இருக்கிறார்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கவுன்டருக்கு வந்தாள். "நார்மன் மாமா, எங்கப்பா விழல. நீங்க தள்ளி விட்டீங்க. தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமா" என்றாள். மடியில் தூக்கி வைத்து உருளைக்கிழங்கு வறுவல் ஊட்டிய பிள்ளை அது. அம்பு எறிய நின்றவன் எறியாமல் அப்படியே நின்றான். எனக்காகப் பேச ஒருவனும் இல்லை.

நான் பீர் விற்கிறவன், கிளிஃப். பூ விற்கிறவன் இல்லை. ஊற்றியது நான்தான், வாயில் திணித்தேனா? அந்த ராத்திரி கடைசி ஆர்டருக்கு மணி அடித்தாகிவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு, "கெளம்பறதுக்கு முன்ன இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று நின்றது நீ. நான் ஊற்றினேன். வெளியே பனி கொட்டுகிறது என்று தெரிந்தேதான் ஊற்றினேன்.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வீட்டுக்காரி எட்னா பின்னால் நின்று, "அது அப்படியே இருக்கட்டும்" என்கிறாள்.

மாடி உனக்காகக் காலியாக இருக்கிறது. வந்து சேர்.

நார்மன்

•

பிரிட்லிங்டன்
ஏப்ரல் 23

நார்மன்,

ஆஸ்பத்திரிக்கு வந்தாய் என்று எனக்குத் தெரியாது. வின்னியிடம் கேட்டேன். "ஆமா வந்தான், கையில ஒரு பொட்டலத்தோட. பாட்டிலா இருக்கும்னு அனுப்பிட்டேன்" என்றாள். பாட்டிலா அது?

பிரெண்டா உன்னிடம் பேசியது தப்பு. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவள் கேட்க மாட்டாள், அவள் அம்மாவைப் போலவே. அம்மா போன நாலு வருஷமாக என்னைத் தூக்கிக் கொண்டுவந்து படியேற்றிப் படுக்க வைத்து, பூட்ஸைக் கழற்றியது அவள்தான். ஈஸ்டருக்கு இங்கே வந்தாள். கடற்கரையில் நடக்கும்போது ரொம்ப அமைதியாகச் சொன்னாள்: "அப்பா, அன்னிக்கு உங்க வாயில பீர் வாசன அடிச்சுதுன்னு வைங்க, சத்தம் போட மாட்டேன், சண்ட போட மாட்டேன். எனக்கு அப்பா இல்லன்னு நெனச்சுக்குவேன். எங்க வீட்டுக்கு நீங்க வர வேண்டாம்."

சத்தம் போட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன். சத்தம் போடாமல் சொன்னாளே, அதிலிருந்துதான் தூக்கம் இல்லை.

உன் ஒருவனை மட்டும் சமாளித்தால் போதும் என்றால் சமாளித்துவிடுவேன். டாமினோ மேஜை இருக்கிறதே. ஐந்து பேர், ஆளுக்கொரு தடவை எல்லோருக்கும் வாங்கி வைக்க ஐந்து ரவுண்டு. நம் ஊரில் ஒருவன் சாமி இல்லை என்று சொல்லலாம், மகாராணி வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். இன்னொருவன் வாங்கி வைத்த ரவுண்டை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சிட்னி என்ன சொல்வான் என்று எனக்கு இப்போதே காதில் கேட்கிறது: "பொண்ணு கல்யாணம்டா! அரை பைன்ட் குடிச்சு யார்ரா செத்தான்?" அரை பைன்ட் எனக்குத் தெரியும் நார்மன். அது முழு பைன்ட்டின் வாசல்படி.

விருந்துக்கு வராமல் சர்ச்சிலிருந்து நேரே ரயிலுக்குப் போய்விடட்டுமா? அப்படிப் போனால் குடிக்கப் போய்விட்டான் என்பார்கள். போகாமல் இருந்தால் குடித்துவிடுவேனோ என்று பயம்.

கிளிஃப்

•

மூன்று லாடம்
மே 2

கிளிஃபுக்கு,

பாட்டில் இல்லை, பன்றி இறைச்சி அடைத்த ரொட்டி. எட்னா சுட்டது. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் நானே தின்றேன்.

சரி, கேள். ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், அதாவது எட்னா கண்டுபிடித்தாள். உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த வெள்ளீயக் குவளை இன்னும் கொக்கியில்தான் தொங்குகிறது. கண்ணாடிக் கிளாஸ் என்றால் உள்ளே இருப்பது தெரியும். ஈயக் குவளைக்குள் என்ன இருக்கிறது என்று எவன் எட்டிப் பார்க்கப் போகிறான்? அன்று காலையிலேயே பால் விடாத டீ போட்டு, ஆறவைத்து, ஜாடியில் ஊற்றிக் கவுன்டருக்கு அடியில் வைத்துவிடுகிறோம். நீ வந்ததும் குவளையில் டீ. எவன் எத்தனை ரவுண்டு வாங்கினாலும் உனக்கு டீ. சிட்னி வாங்கினாலும் டீ. வாழ்த்துச் சொல்லி எல்லோரும் தூக்கும்போது நீயும் தூக்கு. வாசனை பார்த்தால் பிரெண்டாவுக்கு டீ வாசனைதான் வரும்.

இருபத்திரண்டு வருஷத்தில் பீரில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவன் நான். உனக்காக முதல் தடவை கலப்படம் செய்கிறேன். பெருமைப்படு.

நார்மன்

•

பிரிட்லிங்டன்
ஜூன் 1

நார்மன்,

ஒரு மாதம் யோசித்தேன். ஏமாற்று வேலை மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் வேறு வழி இல்லை, சரி என்கிறேன்.

ஒன்றே ஒன்று. என் குவளையை நீ மட்டும்தான் தொட வேண்டும். எட்னாகூட வேண்டாம். அன்றைக்கு உதவிக்கு யாராவது வருவார்கள், அவர்கள் கை தெரியாமல் பம்ப்புக்குப் போய்விடும். உன் கையிலிருந்து வந்தால் பார்க்காமல் குடிப்பேன். வேறு யார் கையிலிருந்து வந்தாலும் தொட மாட்டேன்.

புதுத் தொப்பி வாங்கச் சொல்கிறாள் வின்னி. பழையதையே போட்டுக்கொண்டு வருகிறேன். அதைப் பார்த்தால்தான் உனக்கு அடையாளம் தெரியும்.

கிளிஃப்

•

மூன்று லாடம்
ஜூன் 11, ஞாயிறு, காலை

கிளிஃப்,

நீ ஏன் சொல்லாமல் போனாய்? ஆறரை மணிக்கு மாடிக்குப் போய்த் தேடினேன். வின்னியோடு ரயிலுக்குப் போய்விட்டான் என்றார்கள். கல்யாணப் பெண் முகம் வேறு சரியில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கிளிஃப், இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இன்று காலை கவுன்டருக்கு அடியில் துடைக்கக் குனிந்தேன். டீ ஜாடி இருக்கிறது. எட்னா சாஸரால் மூடி வைத்தபடியே இருக்கிறது. கழுத்துவரை டீ. ஒரு சொட்டுக் குறையவில்லை.

பாலத்தின் மேல் உன் தொப்பி தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பின்னால் நாற்பது பேர் வருகிறார்கள், பியானோக்காரன் வந்துவிட்டானா என்று யாரோ கத்துகிறார்கள். குவளையைக் கொக்கியிலிருந்து எடுத்தது ஞாபகம் இருக்கிறது. உன் கையில் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் என் கை என்ன செய்தது என்று ஞாபகம் இல்லை. ஞாபகம் வைத்துக்கொண்டு செய்கிற வேலையா அது?

குவளை காலியாக இருந்தது. ஜன்னல் பக்கம் மேஜையில், சுத்தமாகக் காலியாக. முகர்ந்து பார்த்தேன். பீர்தான்.

குடித்தாயா? தயவுசெய்து எழுது. திட்டி எழுது, பரவாயில்லை.

நார்மன்

•

மூன்று லாடம்
ஜூன் 19

கிளிஃப்,

எட்டு நாளாயிற்று. தபால்காரன் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிக்கொண்டு போகிறான்.

வின்னிக்குத் தந்தி அடித்தேன். "உயிரோடு இருக்கிறான்" என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. அது போதாது எனக்கு. நீ உயிரோடு இருந்துகொண்டு பிரிட்லிங்டனில் எந்த பப்பில் உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்து நினைத்து ராத்திரியில் எழுந்து உட்காருகிறேன். பம்ப்பைப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் கையைப் பார்க்கிறேன். "என்னய்யா, பைன்ட்டுக்குப் பதிலா கையையே பாத்துக்கிட்டிருக்கே?" என்று சிட்னி கேட்கிறான். அவனுக்குச் சொல்ல முடியுமா?

பிரெண்டா தேனிலவிலிருந்து திரும்பி லீட்ஸுக்குப் போய்விட்டாளாம். இந்தப் பக்கம் வரவில்லை.

வேறு செய்தி இல்லை. எட்னாவின் ஜெரேனியம் பூந்தொட்டி வாசலில் இருக்கிறதே, அதன் அடித்தட்டில் ஏழு ஓடில்லா நத்தைகள் செத்து மிதந்தன. மூன்று வருஷமாக உப்புப் போட்டும் சாகாத சனியன்கள், ஒரே நாளில் எப்படிச் செத்தன என்று அவளுக்கு ஆச்சரியம். எதையாவது எழுதித்தான் கடிதத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது, பார்.

எழுது.

நார்மன்

•

பிரிட்லிங்டன்
ஜூன் 25

நார்மன்,

குடிக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விடு.

நீ கொடுத்தாய், நான் பார்க்காமல் வாங்கினேன். சொன்னபடிதான். மாடிக்குப் போனோம். மாப்பிள்ளைத் தோழன் எழுந்து வாழ்த்துச் சொன்னான், எல்லோரும் தூக்கினார்கள், நானும் தூக்கி நன்றாக ஒரு வாய் இழுத்தேன். ஆறின டீயைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பெரிய வாயாக இழுத்தேன்.

பதினேழு வாரம் கழித்து வாய் நிறைய உன் பீர், நார்மன். நாக்குக்கு அது வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், விழுங்கச் சொல்லித் தொண்டை கெஞ்சியது. துப்பவும் முடியாது. எதிரே பிரெண்டா வெள்ளை உடுப்பில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தோழனோ பேச்சை முடிக்கிற வழியாக இல்லை. கோலின் சின்ன வயதில் ஏணியிலிருந்து விழுந்த கதையை எடுத்துவிட்டான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் சிரிக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பனுக்குப் பாசம் பொங்குது பாரு" என்றான் சிட்னி.

கதை முடிந்ததும் குவளையோடு படியிறங்கி ஓடினேன். வாசலில் எட்னாவின் தொட்டி. வாயில் இருந்ததை அதில் துப்பினேன், குவளையில் இருந்ததை அடித்தட்டில் கவிழ்த்தேன். நத்தைகளுக்காக எட்னாவிடம் என் அனுதாபத்தைச் சொல்லிவிடு.

நிமிர்ந்தால் பிரெண்டா நிற்கிறாள். பின்னாலேயே வந்திருக்கிறாள். குவளையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அப்புறம், "அப்பா, ஊதுங்க" என்றாள். ஆலை மேஸ்திரியிடம் ஊதுகிற மாதிரி என் மகளிடம் ஊதினேன். சொன்ன மாதிரியே சத்தம் போடவில்லை. குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதை உன் ஜன்னல் மேஜையில் வைத்துவிட்டு நான் வின்னியைக் கூப்பிட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனேன்.

நீ கேட்பாய், ஏன் சொல்லவில்லை என்று. என்ன சொல்வேன்? குடிகாரன் எவனாவது தானே ஊற்றிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறானா? எப்போதும் இன்னொருவன்தான் ஊற்றியிருப்பான். உண்மையாகவே இன்னொருவன் ஊற்றிய ஒரு தடவையில் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினாலும் அப்புறம் ஜென்மத்துக்கும் உன் முகத்தில் விழிக்க மாட்டாள். அவளுக்கு என் பேரில் கோபம் பழகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாங்குவேன்.

தாங்குவேன் என்று எழுதிவிட்டேன். தினமும் தபாலுக்குக் காத்திருக்கிறேன். அவள் எழுதவில்லை. உன் கடிதம் இரண்டையும் அன்றன்றே படித்துவிட்டேன். அவளுடையது முதலில் வரட்டும், நல்ல செய்தியாக உனக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். வரவில்லை.

உன் மேல் கோபம் இல்லை. அந்தக் கையை நானும் சேர்ந்துதானே பழக்கினேன்.

கிளிஃப்

•

மூன்று லாடம்
ஜூலை 4, செவ்வாய்

கிளிஃபுக்கு,

நீ சொல்ல மாட்டாய், சரி. நான் சொல்லக் கூடாது என்று நீ எழுதவில்லை. நேற்று மதியம் கடையை எட்னாவிடம் விட்டுவிட்டு லீட்ஸுக்குப் போனேன். உன் குவளையையும் எடுத்துப்போனேன். ஏன் எடுத்துப்போனேன் என்று கேட்காதே, வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது.

கதவைத் திறந்தவள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, சாஸர், தொப்பி, என் கை, எல்லாம். "அவர் வாயே தொறக்கல மாமா, நீங்க ஊத்துனதுன்னு ஒரு வார்த்த சொல்லல" என்றாள். "சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?" என்றேன். குவளையைப் பார்த்தாள். அப்புறம், "முழுங்கவே இல்லையா?" என்று கேட்டாள். "முழுங்கல. முழுங்குனது ஏழு நத்தைங்க, ஏழும் செத்துப்போச்சு" என்றேன். அதற்குச் சிரிக்க ஆரம்பித்தவள்தான், சிரிப்பு அழுகையாகி, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் குவளையும் கையுமாக இருந்த என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

என்னை மன்னித்தாளா, தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உனக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னாள். இதற்குள் எழுதியிருப்பாள். குவளையை அவளே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அதனால் கொக்கி காலியாக இருக்கிறது.

இன்று பதினொன்றரைக்குக் கடையைத் திறந்து நின்றேன். பாலத்தின் மேல் ஒரு தொப்பி வந்தது. அச்சு அசல் உன் தொப்பி. கை பம்ப்புக்குப் போய்விட்டது கிளிஃப், பிடித்தேவிட்டேன். பிறகு விட்டேன். ஓடிப்போய்க் கெட்டிலை அடுப்பில் வைத்தேன். வந்தது நீ இல்லை, கேஸ் மீட்டர் பார்க்கிற புது ஆள். டீயை அவனுக்குக் கொடுத்தோம். பேந்தப் பேந்த விழித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போனான்.

அந்த டீயைப் போடும்போதுதான் எட்னா ஒன்று கேட்டாள். உன் பைன்ட்டில் நுரை எத்தனை விரல் நிற்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகியும் இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. உனக்குப் பால் எவ்வளவு, சர்க்கரை எத்தனை கரண்டி? எழுது.

நார்மன்